ஆலையில் பிறந்த கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

‘சத்திய சோதனை’யில் காந்தி தம் இலண்டன் நாட்களை நினைவுகூரும் இடத்தில் ஹில்ஸ் என்றொரு முதலாளி வருகிறார். தேம்ஸ் இரும்பாலையின் உரிமையாளரான அவர் சைவ உணவுச் சங்கத்தின் தலைவராகவும், ஒழுக்க விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவராகவும் இருந்தார். கருத்தடையை ஆதரித்த டாக்டர் அலின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டுமென்று அவர் முனைந்தபோது, அதை ஏற்காத காந்தி தம் கருத்தை எழுதி எடுத்துச் சென்றார். ஆனால் கூச்சத்தால் தாமே படிக்க இயலாமல் வேறொருவரைப் படிக்கச் செய்தார். அந்த ஆர்னால்ட் ஹில்ஸ்தான் 1895இல் தம் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்களுக்காக ஒரு கால்பந்து அணி தோன்ற வழிசெய்தவர். இன்று உலகம் வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்று அறியும் கழகத்தின் வேர் அந்த அணியே.

ஆலையில் பிறந்த ஒரு கழகத்தின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் இந்த மனிதரைப் போன்ற ஒருவரை எப்படியும் சந்திப்பார். இங்கிலாந்தின் இரும்பு, இரயில், கம்பி, கார், இரசாயன ஆலைகளிலிருந்து பிறந்த கழகங்கள் பல. அவற்றில் ஒரு சில பெருங்கழகங்களாயின, மிகப் பல பகுதிநேரத் தொழில்முறைக் கழகங்களாக, அதாவது பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் பயிற்சிக்கு வரும் ஆட்டக்காரர்களுக்குச் சிறு ஊதியம் தரும் கழகங்களாக நின்றன. இந்த இரண்டாம் வகைக் கழகங்களுக்கு வரலாறு எழுத ஆளில்லை என்பதே என் வருத்தம். பெரும்பாலும் ஓர் ஆண்டுவிழா மலரில் கோப்பைப் பட்டியலும் இரண்டு குழுப் படங்களும் அச்சாகும், அத்தோடு முடிந்துவிடும். அப்படி முடிந்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன். உதாரணங்களை இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொண்டாலும், முறை எந்த ஊர் ஆலைக்கும் ஒன்றுதான்.

தொடங்கும்போது ஒரு பெரிய கணக்கேட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஆலைக்கு, வலப்பக்கம் கழகத்துக்கு. ஆண்டு வரிசையில் இரு பக்கமும் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். தேம்ஸ் இரும்பாலைக்கு இப்படி ஓர் ஏட்டைப் போட்டால் இடப்பக்கத்தில் 1860இல் நீரில் இறங்கிய வாரியர் போர்க்கப்பல் வரும். 1889ஐ ஒட்டிய ஆண்டுகளின் வேலைநிறுத்தங்கள் வரும். 1898 ஜூன் 21ஆம் நாள் ஆல்பியன் கப்பலை நீரில் இறக்கியபோது எழுந்த அலை, வேடிக்கை பார்க்க மக்கள் நின்றிருந்த மரப்பாலத்தைத் தகர்த்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த துயரம் வரும். வலப்பக்கத்தில் அதே 1898இன் கோடையில் கழகம் தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் தெற்கு லீக்கின் இரண்டாம் பிரிவில் நுழைகிறது; அடுத்த வசந்தத்தில் அப்பிரிவின் கோப்பையை வெல்கிறது. இரு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், அந்தக் கோப்பைக்குக் கைதட்டியவர்களில் பலர் முந்தைய ஆண்டு அண்டை வீட்டாரை அடக்கம் செய்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. கழகத்தின் ஏட்டை மட்டும் புரட்டுகிறவருக்கு இது ஒருபோதும் தோன்றாது.

அடுத்தது பிறந்த ஆண்டு. இதில் அவசரப்படக் கூடாது. ஆலைக் கழகம் ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிறந்த நாட்கள் இருக்கும். தேம்ஸ் இரும்பாலை அணி 1895 ஜூன் மாதம் ஆலையின் சொந்த இதழில் அறிவிக்கப்பட்டது. ஃபோர்மேனும் நடுவருமான டேவ் டெய்லர் அதைத் திரட்டினார். 1900 ஜூனில் அது கலைக்கப்பட்டு, ஜூலையில் புதிய பெயரில் நிறுவனமாக எழுந்தது. எந்த ஆண்டைப் பிறப்பு என்பது? சட்டப்படி 1900, இரத்த உறவுப்படி 1895. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற யார்க்‌ஷயர் கழகம் 1986இல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அது ஊரின் உருக்காலை அணியான ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் ஒர்க்ஸும் ஆக்ஸ்லி பார்க் அணியும் இணைந்து உருவானது. அந்த உருக்காலையோ, குடைக்கு எஃகுக் கம்பிச் சட்டம் செய்து புகழ்பெற்ற சாமுவேல் ஃபாக்ஸ் 1842இல் தொடங்கிய தொழிலின் வழிவந்தது. 1986 என்று மட்டும் எழுதினால் வரலாற்றின் முக்கால் பங்கு காணாமல் போகும். இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள். ஏன் இரண்டு என்பதைச் சொல்லுங்கள். அந்த விளக்கமே ஓர் அத்தியாயமாகிவிடும்.

பிறப்புக் கதைகளைப் பொறுத்தவரை ஒரு கட்டுப்பாடு வேண்டும். தொழிலாளர் சிலர் உணவு இடைவேளையில் கூடிப் பேசி அணி தொடங்கியதாகச் சொல்லும் கதை ஏறக்குறைய எல்லாக் கழகத்துக்கும் உண்டு. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை எழுதுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: முதல் பந்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? சட்டை யார் கொடுத்தது? மைதானம் யாருடையது? 1886இல் ஊல்விச் ஆயுதத் தொழிற்சாலையின் டயல் ஸ்குவேர் பட்டறையில் டேவிட் டான்ஸ்கினும் தோழர்களும் தொடங்கிய அணிக்குச் சிவப்புச் சட்டைகள் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகத்திலிருந்து வந்தன. அங்கு முன்பு ஆடிய ஃபிரெட் பியர்ட்ஸ்லி அப்போது ஊல்விச்சில் வேலையில் இருந்ததே அதற்குக் காரணம். அந்த அணிதான் பின்னர் ஆர்சனல் ஆயிற்று; அது இன்றும் சிவப்பு அணிகிறது. தேம்ஸ் இரும்பாலையில் சேர்ந்தவர்கள் ஆண்டுச் சந்தாவாக அரை கிரவுன் கட்டினார்கள். இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது பவுனில் எட்டில் ஒரு பங்கு. ஆணியடிக்கும் தொழிலாளி ஒருவர் தம் பையிலிருந்து அந்த வெள்ளிக் காசை எடுத்து மேசையில் வைக்கும் காட்சியை வாசகர் கண்முன் நிறுத்த முடிந்தால், முதலாளி கொடுத்தது எவ்வளவு, தொழிலாளி கொடுத்தது எவ்வளவு என்ற கேள்வி தானாகவே எழும். இவ்வகை வரலாற்றின் மையக் கேள்வி அதுதான்.

முதலாளி ஏன் கொடுத்தார் என்பதையும் நேர்மையாக எழுத வேண்டும். ஹில்ஸ் ஆலைக்கு அருகிலேயே சில ஆண்டுகள் குடியிருந்தவர்; 1879இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடியவர்; தொழிலாளருக்கு இலாபப் பங்குத் திட்டத்தைக் கொண்டுவந்தவர். வேலைநிறுத்தங்களால் கசந்துபோன உறவைச் சீராக்க நினைத்தவரும் அவரே. அன்பும் கணக்கும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுகிறவர் புகழுரை எழுதுகிறார் அல்லது குற்றப்பத்திரிகை எழுதுகிறார்.

ஆட்டக்காரர்களைத் தேடும் வேலைக்குப் பொறுமை வேண்டும். பழைய செய்தித்தாளில் அணிப் பட்டியல் கிடைக்கும். குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெயர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களோடு ஒப்பிட்டால் தொழில், வயது, தெரு, உடன் குடியிருந்தவர்கள் தெரியவரும். இங்கிலாந்தில் இப்படிவங்கள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகே திறக்கப்படும். 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் வெளிவந்தன. அடுத்து ஒரு பள்ளம் இருக்கிறது: 1931ஆம் ஆண்டுப் படிவங்கள் 1942இல் தீக்கிரையாயின, 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எனவே போருக்கு முந்தைய அணியைத் தேடுகிறவர் 1939 செப்டம்பரில் எடுக்கப்பட்ட தேசியப் பதிவேட்டை நாட வேண்டும். முதல் பதினொருவரில் எத்தனை பேர் உண்மையிலேயே ஆலையில் வேலை பார்த்தார்கள் என்று பருவம் பருவமாக எண்ணிப் பாருங்கள். அந்த எண் குறையத் தொடங்கும் பருவமே ஆலை அணி கழகமாக மாறும் பருவம். இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும் என்பது என் எண்ணம்.

மைதானத்தை வரைபடத்தில் பாருங்கள். இங்கிலாந்தின் பழைய நில அளவைப் படங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே காணலாம். தேம்ஸ் இரும்பாலை அணி முதலில் ஆடியது ஹெர்மிட் சாலையில். 1896 அக்டோபரில் அங்கிருந்து வெளியேற நோட்டீஸ் வந்தது. சுற்றிலும் வேலி போட்டதும், ஓய்வுக் கொட்டகை கட்டியதும், நுழைவுக் கட்டணம் வாங்கியதும் குத்தகை நிபந்தனைக்கு மாறானவை என்பது காரணம். ஒரு வேலி எவ்வளவு சொல்கிறது பாருங்கள்! பொழுதுபோக்குக்கு வேலி தேவையில்லை; வசூலுக்குத்தான் தேவை. 1897 ஜூன் 22, விக்டோரியா ராணியின் வைர விழா நாளில் ஹில்ஸ் மெமோரியல் மைதானத்தைத் திறந்தார். மிதிவண்டிப் பாதையும் நீச்சல் குளமும் கொண்ட அந்த அழகிய இடத்துக்குக் கூட்டம் வரவில்லை. காரணத்தை வரைபடமே சொல்லிவிடும்: பக்கத்தில் இரயில் நிலையம் இல்லை. வெஸ்ட் ஹாம் நிலையம் 1901இல்தான் திறந்தது. 1904இல் கழகம் அப்டன் பார்க்குக்கு இடம்பெயர்ந்தது.

ஆலையின் தொழில்திறன் மைதானத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கும் கண் வைத்திருங்கள். அந்த அணி தன் முதல் பருவத்திலேயே மின்விளக்கொளியில் நட்பு ஆட்டங்கள் ஆடியது. கம்பங்களில் விளக்குகளைத் தொங்கவிட்டு, பந்து கண்ணுக்குத் தெரிவதற்காக அதைச் சுண்ணாம்புக் கரைசலில் அவ்வப்போது முக்கி எடுத்தார்கள். 1895ஆம் ஆண்டுக் குளிர்கால மாலையில், கப்பலுக்கு மின்கம்பி இழுக்கத் தெரிந்தவர்கள் இருந்த ஓர் அணிக்கு இது எளிதில் கைகூடியிருக்கும். நனைந்து கனத்த தோல் பந்து, அதிலிருந்து வழியும் வெள்ளை நீர், தலையால் முட்டியவரின் நெற்றியில் படியும் சுண்ணாம்பு. இத்தகைய விவரம் ஒன்று கிடைத்தால் பத்துக் கோல் கணக்குகளைத் தயங்காமல் விட்டுவிடலாம். அதே பருவத்தில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் சாத்தம் அணியிடம் 0-5 என்று தோற்றார்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்.

இப்போது பணம். பகுதிநேரத் தொழில்முறைக் கழகத்தின் வரலாற்றில் மிகக் கடினமான பகுதி இது. இங்கிலாந்தில் 1885இல் ஊதியம் வாங்கி ஆடுவது சட்டபூர்வமாயிற்று. ஆயினும் அமெச்சூர், அதாவது ஊதியமின்றி ஆடுவோர், என்று பதிந்துகொண்ட கழகங்கள் பல, ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர் உடை மாற்றும்போது அவர் காலணிக்குள் காசு போட்டுவைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டன. 1974இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாடே நீக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய கணக்கேட்டில் ‘பயணச் செலவு’ என்ற தலைப்பைக் கண்டால் உடனே நம்பிவிட வேண்டாம். மைதானத்துக்கு நடந்தே வரக்கூடிய தெருவில் குடியிருந்தவருக்கு ஏன் பயணச் செலவு என்று கேட்டுப் பாருங்கள். ஆலைக் கழகத்தில் ஊதியம் பணமாக மட்டும் வரவில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நன்றாக ஆடுகிறவருக்கு இலகுவான வேலைப் பிரிவு, சனிக்கிழமை முறைப்பணியிலிருந்து விடுவிப்பு, தம்பிக்கு ஆலையில் வேலை என்று பல உருவங்களில் அது வரக்கூடும். இவற்றைக் கழகக் கணக்கில் தேடினால் கிடைக்காது. ஆலையின் வேலைப் பதிவேட்டிலும் பழைய தொழிலாளர் நினைவிலும்தான் தேட வேண்டும்.

பிற்காலத்தைப் பொறுத்தவரை எண்கள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. ஷெஃபீல்ட் வென்ஸ்டேயால் பதினாறு வயதில் விலக்கப்பட்ட ஜேமி வார்டி, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் முதல் அணியில் வாரம் 30 பவுனுக்கு ஆடினார். பகலில் கை, கால்களைத் தாங்கும் மருத்துவச் சிம்புகள் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். 2010இல் ஹாலிஃபாக்ஸ் கழகத்துக்குச் சென்றவர், 2016இல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். இதை எழுதும்போது ஓர் ஆசை உங்களை இழுக்கும்: கழகத்தின் முழு வரலாற்றையும் இந்த ஒருவருக்கான முன்கதையாக மாற்றிவிடும் ஆசை. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த 30 பவுனைப் பெற்று, அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போய், பத்தாண்டு ஆடி ஓய்ந்தவர்களுடையதே அக்கழகம். வார்டிக்கு இரண்டு பக்கம் போதும்.

பெயரை விட்டுவிட வேண்டாம். பில்லிங்ஹாம் சிந்தோனியா என்ற வடகிழக்கு இங்கிலாந்துக் கழகம் 1923இல் தோன்றியது. சிந்தோனியா என்பது செயற்கை அமோனியா என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அவ்வூர் இரசாயன ஆலையில் தயாரான உரத்தின் பெயர். அந்த ஆலை பின்னர் ஐ.சி.ஐ. என்ற பெரிய இரசாயன நிறுவனத்தின் கீழ் வந்தது. அங்கே வேலை பார்த்த இளைஞர் பிரையன் கிளஃப், பின்னாளில் புகழ்பெற்ற பயிற்றுநர், மிடில்ஸ்பரோ கழகத்துக்குப் போகுமுன் இந்தக் கழகத்துக்கு ஆடியவர். உர மூட்டையின் பெயரைச் சட்டையில் சுமந்து ஆடிய கழகம் உலகில் வேறெங்கும் இருக்குமா தெரியாது. அந்தப் பெயரை நான் மிகவும் நேசிக்கிறேன். பெயர் எப்போது வந்தது, ஆலை கைமாறியபோது அதை மாற்றச் சொன்னார்களா, யார் மறுத்தார்கள் என்று கூட்டக் குறிப்பேடுகளில் தேடுங்கள். எல்லெஸ்மியர் போர்ட் கார் ஆலையில் 1963இல் பிறந்த வாக்ஸ்ஹால் மோட்டார்ஸ், 2002 நவம்பரில் எஃப்.ஏ. கோப்பையின் மறு ஆட்டத்தில் இலண்டனின் பெரிய கழகமான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை பெனால்டி உதைகளில் வீழ்த்தியபோது, கார் நிறுவனத்தின் பெயரே நாடு முழுவதும் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது. பெயருக்கு இப்படியும் ஒரு வருமானம் உண்டு என்பது ஆலை நிர்வாகத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆலையில் பெண்கள் அணி இருந்ததா என்று கட்டாயம் தேடுங்கள். பெரும்பாலான மலர்களில் அந்தப் பக்கமே இல்லை. பிரெஸ்டன் நகரின் டிக், கெர் ஆலையில் போர்க்காலத்தில் குண்டு தயாரித்த பெண்கள் 1917இல் அணி அமைத்து, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் டீப்டேல் மைதானத்தில் 10,000 பேர் முன்னிலையில் ஆடி 4-0 என்று வென்றார்கள். 1920 டிசம்பர் 26ஆம் நாள் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். ஆட்டத்துக்கு ஒருவருக்குப் பத்து ஷில்லிங் செலவுப்பணம். மறு ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாது என்றதோடு, வசூலில் அதிகம் செலவுக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டையும் சேர்த்துக்கொண்டது. ஆண்களின் காலணிக்குள் காசு விழுந்துகொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது என்பதை உங்கள் ஏட்டின் இரு பக்கங்களும் அருகருகே காட்டும். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்த அத்தடையின் அநியாயத்தை மழுப்பாமல் எழுத வேண்டும்.

நேர்காணலுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பழைய குழுப் படத்தின் பெரிதாக்கிய படி கையில் இருக்கட்டும். ‘கழகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் முதியவர் எல்லோரும் சொல்வதையே சொல்வார். படத்தில் பின்வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் யார், அவர் எந்தப் பிரிவில் வேலை செய்தார், சனிக்கிழமை காலை முறைப்பணி முடிந்து ஆட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்டால் வேறு குரலில் பேசத் தொடங்குவார். சட்டை துவைத்தவர்கள், டீ போட்டவர்கள், கோடு போட்டவர்கள் ஆகியோரையும் தேடிப் போங்கள். ஆண்டும் கோல் எண்ணிக்கையும் நினைவில் பிசகும். அவற்றைச் செய்தித்தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். உடை மாற்றும் அறையில் எண்ணெய் வாசம் எப்படி இருந்தது என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுதியிருக்காது.

எழுதத் தொடங்கும்போது ஆலை மூடப்பட்ட ஆண்டை நூலின் முடிவாக வைக்காதீர்கள். தேம்ஸ் இரும்பாலை, 1911இல் தண்டரர் போர்க்கப்பலை நீரில் இறக்கியபின் வேறு பெரிய கப்பல் கிடைக்காமல் 1912 இறுதியில் மூடப்பட்டது. வெஸ்ட் ஹாம் சின்னத்தில் குறுக்காக வைத்த இரண்டு ஆணியடிச் சுத்தியல்கள் அப்படியே இருக்கின்றன. அந்தச் சுத்தியலைக் கையில் பிடித்த தலைமுறை போய் நூறாண்டுக்கு மேலாகியும், ‘அயன்ஸ்’ (இரும்புகள்) என்ற ரசிகர்களின் கூவல் நிற்கவில்லை. சிறு கழகங்களுக்கு இந்த இரண்டாம் வாழ்வு எளிதாக அமைவதில்லை. ஆலை போனதும் மைதானத்தின் உரிமை யாரிடம் போனது, புல் வெட்டும் கூலியை யார் கொடுத்தார்கள், மின்கட்டணம் யார் பெயரில் வந்தது என்ற கேள்விகள் எழும். சிந்தோனியா கழகம் தன் பழைய சென்ட்ரல் அவென்யூ மைதானத்தை 2017இல் விட்டுப் போக நேர்ந்தது. ஆலை மூடிய பிறகு கழகத்தை நடத்திய குழுவினரின் அத்தியாயத்துக்கு, ஆலை செழித்திருந்த காலத்துக்குக் கொடுத்த அளவு பக்கங்களாவது கொடுங்கள். பெரும்பாலும் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆவணங்கள் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

அந்தப் பரணிலிருந்து இறங்கும் ஒவ்வொரு படத்தின் பின்புறமும், இடமிருந்து வலமாகப் பெயர்களைப் பென்சிலால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். கூட்டக் குறிப்பேடுகளைப் படமெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். நூல் அச்சான பிறகு, ஒலிப்பதிவுகளையும் அந்த இரட்டைப் பக்கக் கணக்கேட்டின் படியையும் அவ்வூர் ஆவணக் காப்பகத்தில் சேர்த்து, இரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.